குப்பியில் இருந்தது

கொல்லயில் என்ற கிராமப் பஞ்சாயத்து முழுவதும் ஹர்த்தால் கடையடைப்பில் அடங்கிக் கிடந்த அந்த மதியம், மழை ஈரமும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் நிறைந்த அடுக்களையில், யாரும் தொடாத எவர்சில்வர் குடத்துக்குள் தண்ணீர் தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பதை ஜினி பார்த்தாள். மேலே மிதந்த தென்னம்பூ ஒன்று விளிம்பையொட்டி வட்டமடித்தது. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு தன் சோற்றுப்பை ஞாபகம் வந்தது.

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் அவள் வளர்ப்பவை ஒற்றைச் செல் உயிர்கள். அவை நீந்துவது உடம்பெல்லாம் உள்ள மயிரிழைகளால். அந்த இழைகளை உண்டாக்கும் டியூபுலின் மரபணுவை அவள் மாற்றியிருந்தாள். இனி எந்த மருந்தும் அவற்றின் நீச்சலை நிறுத்தாது. அதற்குக் கேக் வெட்டிக்கூடக் கொண்டாடினார்கள். ஹர்த்தாலன்று தீனி வைக்க ஆளிருக்காது என்று நேற்று அவை இருந்த ஒரு குப்பியைச் சோற்றுப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறியிருந்தாள். பெரிய புத்திசாலி.

“பையிலே இருந்த குப்பி எங்கே?”

“நேத்தே கழுவியாச்சு,” என்றான் கணவன் எபின். “புளிச்ச கஞ்சிவெள்ளமாக்கும்னு நெனச்சேன். கிணத்து வாளியிலே முக்கிக் கழுவினேன்.”

“அதே வாளியைக் கிணத்துக்குள்ள விட்டீங்களா?”

“பின்னே, குடத்துல நெறைக்க வெள்ளம் கோரண்டாமா?”

ஐந்து வயது மகள் லிஷா காலையிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜினி தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். ஆறியதும் அது மறுபடி சுற்றியது. பிளீச்சிங் பவுடர் போட்டாள். வேகம் கூடியது. ஆய்வக மேலாளருக்குப் போன் செய்தாள். மனித உடம்பில் அது பிழைக்காது, பயப்படாதே என்றார். அவளும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

“பிள்ளையை ஸ்கூட்டர்ல நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோவோம்,” என்றான் எபின். “ஆஸ்பத்திரி தொறந்து உண்டுல்லா.”

போகலாம். என்ன மருந்து கேட்பது? ஒவ்வொரு மருந்தையும் வீணாக்கியவளே அவள்தான்.

லிஷாவை இழுத்து நெஞ்சில் காது வைத்தாள். மூச்சு சீராக இருந்தது. இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. இன்னும் இறுக்கினாள்.

“விடு அம்மா. வலிக்குது.”

குழந்தை அழுதாள். ஒரு துளி கன்னத்தில் இறங்கியது. தாடையருகே நின்றது.

பிறகு மேலே ஏறியது.

ஜினி விரலை வைத்து மறித்தாள். துளி விரலைச் சுற்றிக்கொண்டு, கன்னத்தைக் கடந்து, இமையைத் தாண்டி, கண்ணுக்குள் போனது.