நூற்று நாற்பத்துமூன்று இறாத்தல்

குளியலறைத் தராசின் முள் பூச்சியத்தில் இல்லை.

முகம் கழுவ வந்த பஸ்தியாம்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். 1993ஆம் ஆண்டு தை மாதம், காலை ஏழே முக்கால். யன்னலுக்கு வெளியே ஈஸ்ட் ஹாம் இன்னும் இருட்டுக்குள் கிடந்தது; தெருவில் யாருடைய காரோ பனியில் விறைத்துப்போய் ஸ்ராட் எடுக்க மாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது. தராசை வாங்கி வைத்தவள் மகள் றோஸ்மலர். அவளுக்கு ஏழு மாதம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை என்பதால் கிளினிக்கில் சொன்ன எதையும் அவள் தட்டுவதில்லை. திங்கட்கிழமை தவறாமல் ஏறி நின்று பார்ப்பாள். பஸ்தியாம்பிள்ளை ஒருநாளும் அதில் ஏறியதில்லை. எடை பார்க்கிற எந்தச் சாமானுக்குக் கிட்டவும் அவர் போவதில்லை.

தராசின் மேல் ஒருவரும் இல்லை. ஆனால் முள் பத்து ஸ்டோன் மூன்று இறாத்தலில் நின்றது, ஓர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கிறாற்போல, நடுக்கமே இல்லாமல். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது பாதிவரை இறங்கி, ஒரு கணம் தரித்து, பிறகு மீதியும் இறங்கியது. யாரோ ஒரு காலை முதலில் எடுத்து மற்றக் காலைப் பிறகு எடுத்ததுபோல.

ஒரு ஸ்டோனுக்குப் பதினான்கு இறாத்தல். பத்துக்கு நூற்று நாற்பது. மூன்றைக் கூட்டினால் நூற்று நாற்பத்துமூன்று. மனம் தானாகவே கணக்கைப் போட்டு முடித்தபோது அவருடைய வாய்க்குள் சாராயம் மணத்தது. அவர் குடியை விட்டு இருபத்தைந்து வருடம்.

*

தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் அவர் 'மறியல் கந்தோரில் கிளாக்கராக இருந்த ஐயா'. தமிழ்ப் பூசை முடிந்து, தேத்தண்ணிக் கோப்பைகளோடு சனம் மண்டபத்தில் நின்று கதைக்கும்போது அப்படித்தான் அவரைப் புதியவர்களுக்குக் காட்டுவார்கள். அவரும் தலையாட்டுவார். முழுப் பொய் இல்லை. மறியற்சாலையில்தான், சிறைக்குள்தான் வேலை செய்தார். அதற்கு ஒரு கந்தோரும் இருந்தது. கந்தோரைத் தாண்டி நீண்ட நடை ஒன்றால் போனால், மேலே ஓர் அறையும் கீழே ஓர் அறையுமாக இன்னொரு கட்டடம் இருந்தது. அவருடைய வேலை அங்கே.

அவர் அலுக்கோசு. அரசாங்கத்துக்காகத் தூக்குப் போட்டவர்.

மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய், துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு முறிந்து, மனைவியும் கைக்குழந்தையுமாகத் தெருவில் நின்ற காலத்தில், சம்பளத்தோடு இருக்க ஒரு வீடும் தருகிறோம் என்று அவரைக் கூப்பிட்டது அந்த ஒரு வேலைதான். எட்டு வருடம் செய்தார். கைதியைத் தராசில் நிறுத்து, அட்டவணையில் அந்த எடைக்கு நேரே எத்தனை அடி என்று பார்த்து, கயிற்றை அளந்து, முதல்நாளே மணல் மூட்டையைக் கட்டி விழுத்திப் பார்க்க வேண்டும். பாரமானவன் குறைய விழ வேண்டும். மெலிந்தவன் கூட விழ வேண்டும். அளவு சரியென்றால் கழுத்து முறிந்து அந்தக் கணமே முடிந்துவிடும். அளவு பிழைக்கக் கூடாது.

முகங்கள் எல்லாம் மறந்துபோயின. எடைகள் மறக்கவில்லை. லண்டன் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் வந்து இருந்தால் கண் தன்பாட்டில் அளந்துவிடும்: நூற்று அறுபது, ஆறேகால் அடி. சொந்த மகளையும் அது விடவில்லை. மாதம் ஏற ஏற அவளுக்கு முன்னால் அவர் குனிந்துகொண்டே நடந்தார்.

அவருடைய மனைவி அருமைநாயகி அவர் கையால் பிசைந்த சோற்றைப் பிள்ளைக்கு ஊட்ட ஒருநாளும் விட்டதில்லை. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். சோற்றுக் கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் செத்தும் ஒன்பது வருடமாகிவிட்டது. இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பித்தான் அவர் விமானம் ஏறினார்.

நூற்று நாற்பத்துமூன்று இறாத்தல் என்றால் வல்லிபுரம். அவனுடைய முகம் மட்டும் மறக்கவில்லை.

*

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூச்சுச் சத்தம் தொடங்கியது.

கட்டிலில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். முதலில் அது வீட்டின் வழமையான சத்தங்களோடுதான் கலந்து வந்தது: சுவருக்குள் தண்ணீர் ஓடுவது, கீழே கேத்தில் கொதிப்பது, தூரத்தில் அப்ரன் பார்க் பக்கம் போகும் ரயிலின் உறுமல். பிறகு அது மட்டும் தனியாகப் பிரிந்தது. காலுக்குக் கீழே, கம்பளத்துக்கும் பலகைக்கும் அடியில், மிகச் சிறிய ஓட்டை ஒன்றால் யாரோ காற்றை இழுக்கிறார்கள். இழுத்தது உள்ளே போய்ச் சேரவில்லை. ஈரமான, கொழகொழத்த ஓர் இழுப்பு. இடைவெளி. முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று. பதினேழு நிமிடம் அவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாவது நிமிடத்தில் நின்றது.

"அது பொயிலர் அப்பா," என்றாள் றோஸ்மலர். "பைப்புக்குள்ள காத்து நிண்டுட்டுதாம். பீற்றர் ஆளுக்குச் சொல்லியிருக்கிறார்."

பீற்றர் மருமகன். வெதுப்பகத்தில் வேலை, விடிய நாலு மணிக்கே ஷிப்டுக்குப் போய்விடுவான். அவன் சொன்ன ஆள் வந்தான், பைப்புகளில் காற்றைத் திறந்துவிட்டான், போனான்.

அடுத்த நாளும் எட்டு மணி. பதினேழு நிமிடம்.

அன்றைக்குத்தான் அவர் படியிறங்கி வரும்போது நின்று யோசித்தார். மாடியின் பின்பக்கத்து அறை அவருடையது. அதற்கு நேர் கீழே குசினி. இத்தனை வருடமும் அவர் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. மேலே ஓர் அறை. கீழே ஓர் அறை.

வெள்ளிக்கிழமை பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டே மகள் கேட்டாள்:

"விடிய ஆரோட அப்பா கதைச்சனீங்கள்?"

"நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்லையே பிள்ளை."

"ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டுது. 'அண்ணை, கெதியா முடியுமே?' எண்டு. நீங்களும் ஏதோ மறுமொழி சொன்னியள்."

"றேடியோவாக்கும்."

"உங்கட அறையில றேடியோ இல்லையே அப்பா."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தச் சொற்களைப் பூமியில் இரண்டு பேர்தான் கேட்டிருந்தார்கள். பலகையில் நிறுத்தி முகத்துக்குத் துணியை இறக்கும்போது வல்லிபுரம் அவருக்கு மட்டும் கேட்கக் குசுகுசுத்தது அது. அவர் சொன்ன மறுமொழி: "ஓம் தம்பி. நோ ஒண்டும் தெரியாது."

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வயதான ஐரிஷ் குருவானவர். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்றார் பஸ்தியாம்பிள்ளை, தன் உடைந்த இங்கிலிஷில். வேறு ஏதாவது? குருவானவர் பொறுமையாகக் காத்திருந்தார். வேறு. வேறு... அப்போது குருவானவருக்கும் அப்பால், மற்றப் பக்கத்துக் கூட்டுக்குள் முழந்தாளிட்டிருந்த யாரோ காற்றை இழுத்தார்கள். ஈரமாக. சிறிய ஓட்டையால். குருவானவர் அந்தப் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுங்கள், அடுத்தது நீங்கள்தான்" என்றார். பஸ்தியாம்பிள்ளை எழும்பி, தொப்பியையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

*

திங்கட்கிழமை ஏழரைக்கே குசினிக்கு இறங்கினார். இனிமேல் மேலே அந்த அறையில் இருக்க ஏலாது. றோஸ்மலர் மேசையில், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, நான் கந்தோரில கிளாக்கர் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்..." அந்தச் சொல் வரவில்லை. வாழ்நாளில் ஒருமுறையும் அதைத் தன் வாயால் அவர் சொன்னதில்லை.

"தெரியும் அப்பா," என்றாள் அவள் மெதுவாக.

குளிர்ப்பெட்டி எங்கோ ஆழத்தில் முனகியது.

"ஒன்பது வயசில. பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில இருக்கமாட்டன் எண்டு அழுதது. அலுக்கோசின்ர மகள் எண்டு. அம்மாட்டக் கேட்டன். அம்மா என்ர வாயைப் பொத்திப்போட்டா. உனக்குத் தெரியுமெண்டு அப்பாக்குத் தெரிஞ்சா அந்தாள் உயிரோட இருக்கமாட்டார் எண்டா."

இருபத்தைந்து வருடம். மகளை அந்தச் சொல்லிலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தார். சிறுபிள்ளை அதைத் தனியாகச் சுமந்து, அவரைக் காப்பாற்றியிருக்கிறாள். பஸ்தியாம்பிள்ளைக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசை விரிப்பின் பூக்களைப் பார்த்தார்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன் அப்பா. என்ர முதல்நன்மைக்கு அடுத்த நாள் நீங்கள் வேலைக்குப் போட்டு வந்து, மூண்டு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தியள். அதோட வேலையையும் விட்டியள். அண்டைக்கு என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அந்த முதல்நன்மை விருந்தில் விடிய விடியக் குடித்தார். மணல் மூட்டையை விழுத்திப் பார்க்காமல், கலங்கிய கண்ணால் அட்டவணையில் வேறொருவனுடைய வரியைப் பார்த்து அளந்தார். ஏழடி விழ வேண்டிய வல்லிபுரம் ஐந்தடி விழுந்தான். கழுத்து முறியவில்லை. மறியல் அதிகாரி கையால் காட்டினார்: கீழே போ, காலைப் பிடித்து இழு, முடித்துவை. அவர் கீழே போனார். அவருடைய முகத்துக்கு நேரே இரண்டு வெறுங்கால்கள் துழாவிக்கொண்டிருந்தன. அவர் தொடவில்லை. கையால் இழுத்தால்தான் கொலை என்று அந்தப் போதையில் ஒரு நினைப்பு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினேழு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். 'உடனடி மரணம்' என்று எழுதிய கடதாசியில் கையெழுத்தும் வைத்தார்.

மகள் காத்திருந்தாள்.

"கடைசி ஆள் அண்டைக்கு," என்றார். "மனசு விட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"அந்த மனுசன் வேதனைப்பட்டவரோ?"

"இல்லைப் பிள்ளை. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுது."

றோஸ்மலர் நீண்ட மூச்சு விட்டாள். நம்பிவிட்டாள். எத்தனையோ வருடமாக அவளை அழுத்திய ஒன்று இறங்கியதுபோல அவள் முகம் தெளிந்தது. எட்டி அவருடைய வலது கையைப் பிடித்து, தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"பாருங்கோ. உதைக்குது."

அந்தக் கையை. அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

மணி எட்டு.

தலைக்கு மேலே, அவருடைய அறையில், தூக்குமேடையின் இரண்டு பலகைக் கதவுகள் படாரெனத் திறந்து சுவரில் அடித்தன.

"என்னப்பா விழுந்தது மேல?"

அவர் நிமிர்ந்தார். சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பூச்சு. ஒரு வெடிப்பும் இல்லை. அதிலிருந்து ஒரு கால்விரல் வந்தது. இன்னொன்று. பிறகு இரண்டு பாதங்கள், கணுக்கால்கள். வெறுங்கால்கள். மகளின் தலைக்கு நேர் மேலே. விரல்கள் விரிந்து மடங்கின. நிற்க இடம் தேடின. அவளுடைய உச்சி மயிரைத் தொட்டன.

அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

மூச்சுச் சத்தம். மேலே. ஈரமாக.

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். இந்தமுறை கைகளைப் பின்னால் கட்டவில்லை. எட்டி, இரண்டு கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். சூடாக இருந்தன. காய்ச்சற்காரப் பிள்ளையின் கால்கள்போல. இழுத்தார். முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தார். முடிச்சுவிடுறன் தம்பி. முடிச்சுவிடுறன்.

மூச்சு நிற்கவில்லை.

அவர் காலிலிருந்து செருப்பு ஒன்று கழன்று லினோலியத்தில் விழுந்தது. மற்றதும் விழுந்தது.

"அப்பா!"

அவள் ஏன் கத்துகிறாள்? குனிந்து பார்த்தார். மகளுடைய முகம் கீழே இருந்தது. வெகு கீழே. நிலம் அதற்கும் கீழே.

கையை விடப் பார்த்தார். கை விடவில்லை.

றோஸ்மலர் ஓடிவந்து அவருடைய முழங்கால்களைக் கட்டிப் பிடித்தாள். வயிறு அவருடைய கால்களில் அழுந்தியது. உள்ளே பிள்ளை உதைத்தது அவருக்குத் தெரிந்தது. "விடமாட்டன் அப்பா, விடமாட்டன்," என்று அழுதுகொண்டே அவள் தன் முழுப் பலத்தோடும் கீழே இழுத்தாள்.

விடு பிள்ளை. சொல்ல வாயைத் திறந்தார். காற்று வரவில்லை.

மேலே இன்னும் ஓர் இழுப்பு. ஈரமான, நீண்ட இழுப்பு.

மகளின் குதிகால்கள் நிலத்தை விட்டு எழும்பின.