குளியலறையில் ஒரு திருடன்

கிர்ரீச்...

பின்கதவு!

கட்டிலில் படுத்திருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

மகன் ஆபீஸ் போய்விட்டான். ஏஜென்சியிலிருந்து அவரைக் கவனித்துக்கொள்ள வரும் பெண் யாரானாலும், முன்கதவைச் சாவி போட்டுத் திறந்துதான் வருவாள்.

அப்படியென்றால்... திருடன்!

பெரியவர் ஒரு காலத்தில் 'இடி' இன்ஸ்பெக்டர். உறுமினால் லாக்கப்பே நடுங்கும். பக்கவாதம் வந்து இடது பக்கம் லீவு போட்ட பிறகு, அவரால் பிடிக்க முடிந்தது கட்டில் கம்பியை மட்டும்தான்!

"யா... யாரது?"

இடி, இருமலாக வந்தது.

அறை வாசலில் ஒருவன். முகத்தில் கர்சீப். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"பெருசு! சத்தம் போட்டே... குத்திடுவேன்!"

இடியின் மூளை மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது. அந்தப் பெண் வரும்வரை இவனை இழுத்தடிக்க வேண்டும்!

"வாப்பா... ஏஜென்சி அனுப்பின புது ஆளா?"

"ஏ... ஏஜென்சியா?"

"தினம் ஒரு புது மூஞ்சி. நேத்து வந்தது, போன்ல பேசிக்கிட்டே என்னைப் பாதி சோப்போட விட்டுட்டுப் போயிடுச்சு. தூக்கு, தூக்கு... குளிக்கணும்!"

திருடன் கணக்குப் போட்டான். கிழவருக்குப் புத்தி பிசகியிருக்கிறது. குளியலறையில் உட்காரவைத்துவிட்டால் வீட்டை நிதானமாக அலசலாம்!

கர்சீப் இறங்கியது. ஸ்க்ரூடிரைவர் இடுப்புக்குப் போனது.

"ஆமாங்கய்யா... ஏஜென்சிதான்."

குளியலறை. பிளாஸ்டிக் நாற்காலி.

"மெதுவாடா! அந்தக் கை பேருக்குத்தான் என்னோடது, பிடுங்கிட்டுப் போயிடாதே!"

திருடன் வாளியில் விரலை விட்டுப் பார்த்தான். ஒரு குவளை ஊற்றினான்.

"சூடு போதுமாங்கய்யா?"

பெரியவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

ஏஜென்சியிலிருந்து இத்தனை பேர் வந்தார்கள். "அப்பா சாப்பிட்டாரா? அப்பா தூங்கினாரா?" எல்லாம் மகனிடம்தான் கேட்பார்கள். அவர் பக்கத்திலேயே பீரோ மாதிரி உட்கார்ந்திருப்பார். தினம் ஒரு அந்நியர் முன்னால் சட்டையைக் கழற்றுவார்.

அவரிடமே கேட்ட முதல் ஆள்... ஒரு திருடன்!

"போ... போதும்ப்பா."

கண் கலங்கியது. சோப்பின் மேல் பழியைப் போட்டார்.

அதோடு விட்டாரா?

"காதுக்குப் பின்னால!"

"தேய்ச்சுட்டேங்கய்யா."

"நல்லா தேய்! முதுகை யாரு தேய்ப்பா, உங்க மாமனாரா? அப்புறம் ஷேவிங்... நகம்... பெட்ஷீட்டு மாத்தணும்..."

திருடனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆளை விடு பெருசு!"

கதவை நோக்கிப் பாய்ந்தான்.

"நில்லுடா!"

பழைய ரத்தம்! மறந்துபோய் எழுந்தே விட்டார். வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை. தலை, சுவரை நோக்கி...

திருடன் திரும்பினான். தாவினான். தாங்கிக்கொண்டான்!

"அறிவிருக்கா உனக்கு? மண்டை போயிருக்கும்!"

"ஆ... ஐயோ... யாரு நீ?!"

முன்கதவு வழியாக வந்து நின்ற பராமரிப்புப் பெண்ணின் அலறல் தெருமுனை வரை கேட்டது. அங்கே நின்ற போலீஸ் ஜீப், வாசலுக்கே வந்துவிட்டது.

"ஐயா! யார் இவன்?" ஜீப்பிலிருந்து ஓடிவந்த சப்-இன்ஸ்பெக்டர் விறைப்பாக சல்யூட் அடித்தார். சோப்பு நுரையில் இருப்பவருக்கு!

பெரியவர் தன் தோளைப் பார்த்தார். ஈரக்கை இன்னும் விடாமல் பிடித்திருந்தது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்ச் சாட்சிக்குத் தயாரானார்.

"நம்ம புது ஆளுப்பா. தினம் காலைல குளிப்பாட்டுவான். மத்தியானம் கால் பிடிச்சு விடுவான். சாயங்காலம் பேப்பர் படிச்சுக் காட்டுவான்."

"தி... தினமுமா?!"

திருடனின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"சார்! நான் திருடன் சார்! சத்தியமா திருடன்! பின்கதவைப் போய்ப் பாருங்க, பூட்டை உடைச்சது நான்தான்! உடனே உள்ள தள்ளுங்க சார்!"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சர்வீஸ் பூரா உருட்டி மிரட்டிப் பார்த்தேன்... ஒரு பய வாயைத் திறக்கலை. அன்னிக்கே எல்லாரையும் முதுகு தேய்க்க விட்டிருந்தா... கமிஷனராவே ரிட்டையர் ஆகியிருப்பேன்யா!"