கோணிக் கம்பெனியின் கதவு

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் கடற்கரைச் சாலையில், வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், லூர்துவின் ஜட்கா போய்க்கொண்டிருந்தது. உள்ளே கோயம்புத்தூர்க்காரர் சுப்புராஜ். லீவு கிடைத்தால் ரயிலேறி ஊர் ஊராகப் போய், கண்ணுக்குப் பிடித்த இடங்களையெல்லாம் படமெடுத்து வருவது அவருக்குப் பழக்கம். காலையில் ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எடுத்தார். பிறகு கரையேறிய கட்டுமரங்கள். அடுத்தது எண்ணூர் முகத்துவாரம் என்றார்.

பாதி வழியில் கத்தினார். "ஏனுங்க, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு செங்கல் ஷெட்டு தனியாக நின்றது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பழைய கரி. துருவேறிய தகரக் கூரை. முன்னால் பெரிய இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. பின்னால் கடல் பளபளத்தது.

"என்ன அழகுங்க இது!" என்று சுப்புராஜ் குதித்து இறங்கினார்.

லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னா சார் அழகக் கண்டுட்ட அதுல? கலீஜான எடம். ஏறு, போவலாம்."

"ஒரே ஒரு படமுங்க."

லூர்து காறித் துப்பிவிட்டு, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு வருஷமாக இந்த ஷெட்டைப் பார்க்காமலே இந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியிருந்தான்.

யுத்த காலத்தில் அது கோணிக் கம்பெனி. பட்டாளத்தின் மணல் மூட்டைகளுக்குப் பெண்கள் பை தைத்தார்கள். லூர்துவின் மனைவி ஹில்டாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான அந்தச் சித்திரையில், லூர்து ஒரு குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் போயிருந்தான். திரும்பி வந்தபோது ஷெட்டு எரிந்து கிடந்தது. ஹில்டாவைக் காணவில்லை.

அபாயச் சங்கு ஊதியதும் பெண்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், எரிந்தது காலி ஷெட்டு என்று கம்பெனி சொன்னது. ஊரே நாலா பக்கமும் சிதறிக் கிடந்த நேரம். யார் யாரைத் தேடுவது? செத்ததற்குச் சாட்சி இல்லாமல் ஆத்துமப் பூசை வைக்க முடியாது என்று மாதா கோயில் சாமியார் கைவிரித்தார். யாரோடோ போயிருப்பாள் என்று தெரு பேசியது. லூர்து முதலில் கம்பெனிமேல் கோபப்பட்டான். அப்புறம் தெருவின்மேல். கடைசியில் அவள்மேலேயே. அவளுடைய கல்யாணப் புடவையைக் கிழித்து, அதில்தான் குதிரையைத் துடைத்தான்.

சுப்புராஜின் கேமரா, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து கண்ணாடிக்குள் பார்க்கிற ரகம். அவர் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஏனுங்க, அந்தப் பொம்பளைங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க. கதவை மறைச்சுட்டு நிக்கறாங்க."

"எந்தப் பொம்பளைங்க?"

சுப்புராஜ் தலையை நிமிர்த்தினார். வெறும் மணல். மறுபடி குனிந்தார். அவருடைய காது மடல் வெளுத்துப்போனதை லூர்து பார்த்தான்.

"இங்கே வாங்க," என்றார் அவர். "கண்ணாடிக்குள்ள பாருங்க."

காற்று நின்றிருந்தது. எங்கிருந்தோ தீய்ந்த சணல் நாற்றம் வந்தது.

லூர்து குனிந்தான்.

உள்ளங்கை அகலக் கண்ணாடியில், கதவை ஒட்டி, பெண்கள். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கதவை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை.

ஓரத்தில் நின்றவளின் ஒரு தோள் சற்றே இறங்கியிருந்தது.

அந்தத் தோள் லூர்துவுக்குத் தெரியும்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. "அடிப் பாவி!" என்று கண்ணாடியைப் பார்த்தே கத்தினான். "இங்கயா கீற? எவங்கூடவோ ஓடிப் பூட்டன்னு ஊரே சிரிச்சுதேடி!"

கைகள் நின்றன.

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

சுப்புராஜின் விரல் தானாகவே அழுத்தியது. கேமரா 'கிளிக்' என்றது. அதே நொடியில் சத்தம் தொடங்கியது. கண்ணாடிக்குள் இல்லை, எதிரே, வெயிலில், பூட்டிய கதவுக்கு உட்பக்கத்திலிருந்து.

தப். தப். தப்.

"எவன்டா அது? இன்னா பண்ற இங்க?" என்று தடியோடு ஒருவன் ஓடிவந்தான். ராமதாஸ். யுத்த காலத்தில் பெண்களை வேலை வாங்கிய மேஸ்திரி. கம்பெனி இன்னமும் அவனுக்குச் சம்பளம் கொடுத்து, பக்கத்தில் ஒரு குடிசையும் போட்டுக் கொடுத்து, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டது.

"உள்ள யாரோ இருக்காங்க. திறங்க!" என்றார் சுப்புராஜ்.

"ஒருத்தரும் இல்ல. பொட்டியத் தூக்கினு கெளம்பு."

தப். தப். கதவிலிருந்து துரு உதிர்ந்தது.

லூர்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "தொறடா பேமானி!"

"நண்டுடா! பெருச்சாளிடா! இப்ப இன்னா, காட்டணுமா? பாத்துக்கோ." ராமதாஸ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே இரண்டடி வைத்தான். "பாரு! காலி! அன்னிக்கே எல்லாம் ஓடிப் பூட்டாளுங்க, தேவ—"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

லூர்து பாய்ந்துபோய்த் தள்ளினான். அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி கொதித்தது இரும்பு. உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது உள்ளேயிருந்து தட்டியது ராமதாஸ். அவன் அலறல் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள்வரை எட்டி, அவர்கள் ஓடிவந்தார்கள். அலறலுக்கு அடியில் வேறொன்றும் கேட்டது. பல பெண்கள் ஒரே மூச்சில் பேசுவது போல, தணிந்த குரலில்.

"ஓடல."

"நாங்க ஓடல."

கதவு தானாகத் திறந்தது. ராமதாஸ் நான்கு காலில் தவழ்ந்து வெளியே வந்தான். உடம்பில் ஒரு காயம் இல்லை. தலைமயிர் மட்டும் பொசுங்கியிருந்தது. யாரும் கேட்காமலே, மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒருத்தியும் ஓடல. சங்கு ஊதுச்சு. புள்ளைங்களப் பாக்கணும்னு கத்துனாளுங்க. வேல நிக்கக் கூடாதுன்னாரு மானேஜரு. நான்தான் பூட்டுனேன். உள்ள விளக்கு கவுந்து கோணி புடிச்சுக்கிச்சு. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் வாரிக் கடல்ல தள்ளச் சொன்னாங்க." அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. "ஓடுனவன் நான் ஒருத்தன்தான்."

லூர்து அவனை அடிக்கவில்லை. அடித்தால் நிறுத்த முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் சுப்புராஜ் தங்கசாலைத் தெரு ஸ்டூடியோவில் படத்தைக் கழுவி வாங்கிக்கொண்டு ஜட்கா ஸ்டாண்டுக்கு வந்தார். படத்தில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் நேராகப் பார்த்தார்கள். ஹில்டா மட்டும் சற்றே பக்கவாட்டில், லூர்து நின்ற இடத்தைப் பார்த்திருந்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை, ஏக்கம் இல்லை. 'நீயுமா நம்பினே?' என்ற கோபம்.

"என்ற கேமராவ வித்துடப் போறனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

சாமியார் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை வைப்பதாகச் சொன்னார். அதற்குள் ராமதாஸைக் கம்பெனிக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவனுக்குப் பைத்தியம் என்றார்கள். லூர்து படத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனான். அதே மானேஜர்தான். தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தார். படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலி ஷெட்டுதானே? இதுல யாருமே இல்லையே," என்றார். பிறகு நிதானமாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

லூர்து வெளியே வந்து வண்டியைத் திருப்பினான். ராயபுரத்தில் நிற்கவில்லை. திருவொற்றியூரில் நிற்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கதவு திறந்தபடியே கிடந்தது. கட்டுப் போட்ட கையால் ஜட்காவின் பின்படியைத் தட்டினான்.

"ஏறுங்கம்மா. அந்த மானேஜரு வூடு எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

இன்னும் தாழ்ந்தது. குதிரையின் இரு பக்கமும் ஏர்க்கால்கள் மேலே தூக்கின. அது கனைக்கக்கூட இல்லை. ஆளில்லாத வண்டியில் அப்படியொரு பாரத்தை இழுத்துக்கொண்டு, நுரை தள்ளத் தள்ள, விளக்கு வைக்கும் நேரத்தில் ராயபுரம் பங்களா வாசலுக்கு வந்து சேர்ந்தது.

காவல்காரன் கையை நீட்டி மறித்தான். "வண்டில யாரு?"

"உள்ள போற சவாரி."

வண்டி விலுக்கென்று மேலே எழும்பியது. காவல்காரனுக்குப் பக்கத்தில் காற்று சூடாகக் கடந்துபோனது. மாடியில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பங்களாவின் கதவுகள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, வெளிப்பக்கம் தாழிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. சணல் தீயும் நாற்றம் வந்தது.

லூர்து குதிரையைத் தட்டினான். தெருமுனை திரும்பும்போதுதான் கவனித்தான். காலி வண்டி இவ்வளவு கனக்காது. பின்பக்கம் இன்னும் சற்றே தாழ்ந்திருந்தது, ஓர் ஆள் பாரத்துக்கு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கோவம் தீரலியா உனுக்கு?" என்று மெல்லக் கேட்டான்.

முதுகுக்குப் பின்னால், பலகையில், உள்ளங்கையால் ஓங்கி அடிக்கும் சத்தம்.

தப்.