கரிக்கொட்டகை மை

விளக்கை ஏற்றவே இல்லை. ஆனாலும் கண்ணாடிச் சிம்னி கறுத்திருந்தது.

காலையில்தான் ஏகாம்பரம் அதைச் சாம்பல் போட்டுத் துடைத்து மாடத்தில் வைத்திருந்தான். உத்திரமேரூர்க் கடைவீதிக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஏரிக்கரைத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. சிம்னிக்குள் விரலை விட்டு வழித்தான். கறுப்பு மாவுபோல, எடையே இல்லாமல், விரல் ரேகைகளுக்குள் இறங்கி உட்கார்ந்தது. மண்ணெண்ணெய்ப் புகை இப்படிப் படியாது. இது கொட்டகைக் கரி.

கொட்டகையில் அவன் மேஸ்திரி. ஜன்னலில்லாத நீண்ட அறை. தரையெல்லாம் அகல்களில் ஆமணக்கெண்ணெய் எரியும். புகை ஏறி, மேலே தொங்கும் கோணிகளில் கரியாகப் படியும். ஆறிய பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கொட்டாங்கச்சியால் சுரண்டுவார்கள். மூட்டைகள் வாலாஜாபாத் ஸ்டேஷனிலிருந்து பட்டணத்துக்குப் போகும், மை கம்பெனிக்கும் பூட்ஸ் பாலிஷ் கம்பெனிக்கும். ஏரிக்காற்றில் கரி பறக்காமலிருக்கக் கதவைச் சாத்தி வைப்பார்கள். தீப்பிடித்துவிடும் என்று உள்ளே விளக்கும் கொண்டுபோக மாட்டார்கள். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. சுரண்டுகிறவள் இடையிடையே கொட்டாங்கச்சியால் சுவரில் தட்ட வேண்டும். டொக். டொக். சத்தம் நின்றால் வெளியே இருப்பவர் கதவைத் திறந்து அவளை இழுத்துப் போட வேண்டும்.

செங்கேணி மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டுவாள். வெளியே வந்து, கரிக்குள்ளிருந்து சிரிப்பாள்.

"சிரிச்சாத்தான் நா இருக்கறதே தெரியுது மேஸ்திரி. எம் புருசனே நா குளிச்சப்புறந்தான் வூட்ல சேத்துக்கிறாரு."

கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்கும் நேரத்தில் அவள் அக்கா சிட்டம்மாள் பிள்ளையை வேலியோரம் தூக்கி வருவாள்.

பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்த அன்று, யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். செங்கேணி முன்னால் வந்து, இருமி, சுண்ணாம்புச் சுவரில் துப்பினாள். கறுப்பாக வழிந்தது. அவர் போன பிறகு முதலாளி அத்தனை பேர் எதிரிலும் ஏகாம்பரத்துக்குச் செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

மறுநாள் அவள் உள்ளே போனதும் ஏகாம்பரம் கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டான். எரிக்கும்போது மட்டும் அப்புகிற ஈரக் களிமண்ணை இடுக்கெல்லாம் அப்பினான்.

"இப்ப துப்பு. எவன் வந்து பாக்கறான்னு பாக்கறேன்."

"வெளையாடாத மேஸ்திரி. கொய்ந்த பாலுக்கு அய்வுது. காதுல வியலியா?"

விழுந்தது. வேலியோரம் அழுதுகொண்டிருந்தது. மற்றவர்கள் அன்று லாரியில் மூட்டை ஏற்றப் போயிருந்தார்கள். சிட்டம்மாள் கத்திக் கேட்டாள். வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். சுவரில் தட்டல் வேகமாகியது. பிறகு ஒழுங்கு தப்பியது. பிறகு நின்றது. அவன் கையில் பாதி பீடி இருந்தது. அதைக் குடித்து முடித்தான்.

ஏற்கெனவே நெஞ்சு வியாதிக்காரி என்றான். சுவரில் துப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நம்பினார்கள். தாய்ப்பால் இல்லாமல் அவள் பிள்ளையும் போயிற்று.

செங்கேணி செத்த அன்று அவள் மடியில் கிடந்த கரி முதல் தரம். அவன் பெண்டாட்டி பவளம், பிள்ளைக்குக் கண்மை குழைக்கக் கரி கேட்டுக்கொண்டே இருந்தாள். வீணாக்க மனமில்லாமல் ஒரு பிடி அள்ளி வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தான்.

"இன்னாய்யா, சிம்னிய மொறைச்சிக்கினு நிக்கற?" பவளம் பிள்ளையோடு வந்தாள். மூன்றை மண்ணில் வைத்தபின் தங்கிய பிள்ளை. ஏகாம்பரம் அதற்குப் பேர் வைக்கக்கூடப் பயந்திருந்தான். "இந்த மை ஒரே பேஜாரா கீது. தொடைக்கத் தொடைக்கப் பரவுது, பாரு."

நேற்று கன்னத்தில் மிளகளவு பொட்டு. இன்று கன்னம் முழுவதும். விளிம்பில் ஐந்து நீட்டல்கள், விரல்களைப்போல.

"இன்னொண்ணு. ரெண்டு நாளா எங்கிட்ட பால் குடிக்க மாட்டேங்கறான். வயிறு மட்டும் ரொம்பித்தான் கீது. எவளோ எனக்குத் தெரியாம வந்து குடுத்துட்டுப் போறா!" சிரித்தாள்.

அவன் சிம்னியைக் கீழே வைத்தான்.

"அந்த மைய ஏரில கொட்டு. இப்பவே."

"இருய்யா. தண்ணி எடுத்தாந்துட்டுப் போறேன். தூளில போட்டுக்கீறேன், பாத்துக்க." குடத்தோடு இறங்கிப் போனாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரியை ஏற்றினான். சுடர் நின்றது, ஆனால் வெளிச்சம் சுவர்வரை போகவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து ஆமணக்கெண்ணெய் எரியும் கனத்த வாடை எழுந்து தொண்டையில் படிந்தது. இருமினான், புறங்கையால் வாயைத் துடைத்தான், கையைப் பார்க்காமல் வேட்டியில் தேய்த்தான். உள்ளறையில் தூளிக் கயிறு விட்டத்தில் உராய்ந்து முனகியது.

முனகல் நின்றது.

டொக்.

உள்ளறைச் சுவரில்.

டொக். டொக்.

அறைக்கதவு சாத்தியிருந்தது. பவளம் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள். அவனே பார்த்தான். தள்ளினான். அசையவில்லை. இடுக்கில் விரல் வைத்தான். குளிர்ந்தது. ஈரக் களிமண். உள்ளேயிருந்து பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கதவத் தொற." யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. "செங்கேணி. வெளையாடாத."

டொக்டொக்டொக். வேகமாக. சிறிய கையின் தட்டல்.

பிறகு ஒழுங்கு தப்பியது.

பிறகு நின்றது.

தோளால் மோதினான். மறுபடி மோதினான். எலும்பு விண்ணென்றது. களிமண் பிளந்து கதவு விட்டுக்கொடுத்தது.

நேற்று வெள்ளையடித்த அறை. சுவர் இல்லை. கூரை இல்லை. கறுப்பு மட்டும். கறுப்புக்குள் ஒரு சத்தம்.

சப். சப். பிள்ளை பால் குடிக்கிற சத்தம். தொண்டையில் இறங்குகிற மடக்.

பவளம் வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

"இன்னாய்யா, கதவ ஒடைச்சிக்கினு?" முதுகுக்குப் பின்னால், வாசலிலிருந்து, பவளம். குடத்தில் தண்ணீர் தளும்பியது. "கொய்ந்த எங்க?"

விளக்கை உயர்த்தினான்.

பிள்ளை தூளியில் இல்லை. தரைக்கு மேலே, மடி உயரத்தில், கறுப்பின்மேல் படுத்திருந்தது. சின்ன முஷ்டி எதையோ இறுகப் பற்றியிருந்தது. வாயை எடுத்துவிட்டு அப்பனைப் பார்த்துச் சிரித்தது. கடைவாயில் கறுப்பாக வழிந்தது.

அதற்கு மேலே, இருட்டில், பற்கள் தெரிந்தன.