வல்லூறு மனிதனின் கடைசிப் பக்கம்

காலை பத்தரை மணிக்குக் காப்பி டம்ளரை எடுக்க அச்சகத்தின் மாடி ஏறிய ஞானம், தன் புருஷன் இருதயநாதன் வரைபலகையின்மேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். தோளைத் தொட்டு அசைத்தாள். சூடு இருந்தது, உயிர் இல்லை.

பதினொன்றேகாலுக்கு சப்-இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணன் அந்த அச்சகத்தின் மாடியில் நின்றார். செத்தவரை அவருக்கு நன்றாகத் தெரியும். 'வல்லூறு மனிதன்' மாதச் சித்திரக்கதையை வரைந்தவர். சிறகு கட்டிப் பறந்து திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்த வல்லூறு மனிதன், ஒரு வருஷமாக உளவாளிகளின் உலகத்தில் இறங்கியிருந்தான். அங்கே நண்பனை நண்பன் விற்றான். நகத்தைப் பிடுங்கினார்கள். நல்லவர்கள் வீடு திரும்பவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவதாகப் பெற்றவர்கள் திட்டினார்கள். புத்தகமோ முன்னைவிட இரண்டு மடங்கு விற்றது. அரிகிருஷ்ணனே அதை ஸ்டேஷன் மேஜை டிராயரில் ஒளித்துவைத்துப் படிப்பவர்.

டாக்டர் பிணத்தின் வாயருகே குனிந்து முகர்ந்தார். "சயனைடுதான்னு நினைக்கிறேன்" என்றார். உதட்டில் இருந்த வெள்ளையை நுரை என்று சொல்லித் துடைக்கப் போனவரை அரிகிருஷ்ணன் தடுத்தார். அது காய்ந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது.

அச்சக முதலாளி ஜெயராமனுக்கு நாக்கு குழறியது. "கீழ பிளாக் எடுக்கற ரூம்ல சயனைடு இருக்குது சார். பூட்டறதில்ல. இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும்."

"காப்பி குடுத்தது யாரு?" ஹெட்கான்ஸ்டபிள் கலியபெருமாள் ஞானத்தின் பக்கம் திரும்பினார். "இன்னா கலந்த? சொல்லிடு. ஸ்டேஷனுக்கு வந்தா வேற மாதிரி கேப்போம்."

ஞானம் வரைபலகையருகே போனாள். பாதி குடித்திருந்த டம்ளரை எடுத்தாள். அரிகிருஷ்ணன் கையை நீட்டுவதற்குள் மிச்சக் காப்பியை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷம் போனது. அவள் அப்படியே நின்றாள்.

"போதுமாய்யா?" என்றாள்.

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார்.

கதை எழுதுகிற தோமினிக் ஜன்னலோரம் நின்று, இடது புருவத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். இருதயநாதனுக்குப் பத்து வருஷச் சிநேகிதன்.

"இன்னிக்கு அவரு இன்னா வரைஞ்சிட்டிருந்தாரு?" என்று கேட்டார் அரிகிருஷ்ணன்.

"தெரியல சார். இந்த மாசத்துக் கதையை நான் எழுதிக் குடுத்ததோட சரி. படத்தையெல்லாம் நான் பார்க்கவே இல்ல."

ஜெயராமன் குறுக்கிட்டார். "எல்லாம் முந்தாநாளே முடிஞ்சிடுச்சு சார். நேத்து சாயங்காலம் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி வாங்கினாரு. ஏன்னு சொல்லல."

அந்தப் பக்கம் பலகையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் துரோகி முகமூடியைக் கழற்றுகிறான். முகத்தில் பாதி வெள்ளைச் சாயத்தால் மூடியிருந்தது. செத்தவரின் விரலிடுக்கில் மெல்லிய தூரிகை. அதன் முனை ஊசிபோலக் கூராக இருந்தது. மைக்கூடு மூடியபடி இருந்தது. வெள்ளைச் சாயப் புட்டி மட்டுமே திறந்திருந்தது.

"இந்த வெள்ளை எதுக்கு?"

"தப்பை அழிக்கறதுக்கு சார். அவரு தப்பே பண்ண மாட்டாரு. போன மாசம் நான் பார்த்தப்போ புட்டி காஞ்சு கட்டியா கிடந்திச்சு" என்றார் ஜெயராமன்.

இப்போது அது மோர்போல நீர்த்திருந்தது.

அரிகிருஷ்ணன் ஞானத்தைக் கீழே அழைத்துப்போய் தனியாக விசாரித்தார்.

"இன்னிக்கு ஒரு மூஞ்சியை அழிக்கணும்னு காலையில சொன்னாருய்யா. யாரு மூஞ்சின்னு சொல்லல."

"சமீபத்துல மனசு ஒடஞ்சு இருந்தாரா?"

"ரெண்டு வருஷமாவே அப்படித்தான். மொழிப் போராட்டத்துல என் கொழுந்தன் லூர்துநாதனை போலீசுல தேடனாங்க. கோட்டைக் களஞ்சியத்துல ஒளிஞ்சிருந்தான். சோறு கொண்டுபோன இவரு, வாசல்ல ஒரு செவப்புத் துண்டு தொங்கறதைப் பார்த்திருக்காரு. யாரோ காய வெச்சதுன்னு வந்துட்டாரு. அன்னிக்கே புடிச்சிட்டாங்க. பையன் பொணமாத்தான் வந்தான். தன் பின்னாலயே வந்து புடிச்சிட்டாங்கன்னு இவரு அழுவாரு. துண்டு விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஒளிஞ்சிருந்த எடம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்களுக்கும் தோமினிக்குக்கும்தான்."

மேஜையில் கிடந்த தோமினிக்கின் கதைப் பிரதியை அரிகிருஷ்ணன் புரட்டினார். வெளிச்சம் மங்காத நாலு மணிக்கு எல்லாரையும் மீண்டும் மாடிக்கு வரச் சொன்னார்.

"விஷம் காப்பியில இல்ல, வெள்ளைச் சாயத்துல இருந்துச்சு. தூரிகை முனையைக் கூராக்க அவரு உதட்டுல வெச்சு இழுப்பாரு. நாம நுரைன்னு நெனச்சது சாயம். சயனைடை யாரு வேணா எடுத்திருக்கலாம். ஆனா அழிக்காத மனுஷன் இன்னிக்கு அழிக்கப் போறாருன்னு முன்கூட்டியே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அழிக்கச் சொன்னவனுக்கு."

அந்தப் பக்கத்தை ஜன்னல் வெயிலுக்கு எதிரே பிடித்தார். வெள்ளைக்கு அடியிலிருந்து கோடுகள் தெரிந்தன. இடது புருவத்தில் ஒரு வெட்டு.

"உன் மூஞ்சி, தோமினிக். உன் கதையில துரோகி களஞ்சிய வாசல்ல செவப்புத் துண்டைக் கட்டி, போலீசுக்கு அடையாளம் காட்டறான். அந்தத் துண்டை இருதயநாதன் கண்ணால பார்த்திருந்தாருன்னு உனக்குத் தெரியாது. கட்டினவனைத் தவிர வேற யாரும் அதை எழுத முடியாது. படிச்சதும் புரிஞ்சுக்கிட்டாரு. பதிலுக்கு உன்னை வரைஞ்சாரு."

ஜெயராமன் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

தோமினிக் மறுக்கவில்லை. "நல்ல கட்டம் சார் அது. விட மனசு வரல" என்றான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "படத்தைப் பார்த்ததும் நேத்து அவரு கால்ல விழுந்தேன். மூஞ்சியை அழிச்சிடுங்கன்னு கேட்டேன். காலையில வந்து, மன்னிச்சிட்டேன், அழிச்சிடறேன்னாரு."

"அப்புறம் ஏன்டா கொன்ன?"

"சாயத்துல ராத்திரியே கலந்துட்டேன். காலையில புட்டியை எடுத்திருக்கலாம். எடுக்கல. இன்னிக்கு மன்னிச்சவரு நாளைக்கு மனசு மாற மாட்டாருன்னு இன்னா நிச்சயம்?"

ஞானம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா அவரு தூங்கலய்யா" என்றாள் அரிகிருஷ்ணனிடம். "பெரிய பாவம் பண்ண ஒருத்தன் கால்ல விழுந்து அழுவறான், இன்னா பண்ணட்டும்னு கேட்டாரு. யாருன்னு சொல்லல. அழுவறவனைத் தள்ளாதீங்க, மன்னிச்சிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

கலியபெருமாள் விலங்கைப் பூட்டினார். ஞானம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.