ஆளில்லாத படகின் சத்தம்

அத்தை வீட்டில் சாவிக்கொத்து எப்போதும் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போன முதல் நாள், தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவில் சாவிகள் சில்லென்று படுத்திருந்தன.

“அத்தை! சாவியைத் தெரியாம இங்க வெச்சுட்டீங்க!”

“தெரிஞ்சேதான் வெச்சேன்” என்றார் அத்தை. “வேலை செய்யும்போது ஃபிரிட்ஜ் ‘ம்ம்ம்’னு முனகிக்கிட்டே இருக்கும். அதனால பிளக்கைப் பிடுங்கிடுவேன். திரும்பச் சொருக மறந்துட்டா பாலெல்லாம் வீணாப் போயிடும். சாவி உள்ள இருந்தா, வெளிய கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திறந்துதானே ஆகணும்? அப்போ ஞாபகம் வந்துடும்.”

என் அத்தை சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவர்.

படம் எடுக்கும்போது, நடிப்பவர்கள் பேசுவதைத்தான் முக்கியமாகப் பதிவு செய்வார்கள். அவர்கள் நடப்பது, கோப்பையை வைப்பது, துணி உரசுவது எல்லாம் பிறகு சேர்ப்பது. திரையில் படம் ஓடும். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே, அந்தந்த நொடியில் அந்தந்தச் சத்தத்தைச் செய்வார். குடையைப் படபடவென்று விரித்து மூடினால் ஒரு பெரிய பறவை எழும்பும். பழைய கேசட் நாடாக்களைக் குவித்து மிதித்தால், காய்ந்த புல்லில் யாரோ நடப்பார்கள். மாவுப் பையை அமுக்கினால் அவர்களே பனியிலும் நடப்பார்கள்.

அத்தையிடம் நாற்பத்து மூன்று ஜோடிக் காலணிகள் இருந்தன. அத்தனையும் வேலைக்கு. வீட்டில் அவர் வெறுங்காலோடுதான் நடப்பார். வளையல் போடமாட்டார். மெத்தென்ற பழைய பருத்தி உடைதான் உடுத்துவார். கடையில் கோப்பை வாங்கினால் நிறத்தைப் பார்க்கமாட்டார், நகத்தால் தட்டிப் பார்ப்பார். ஒருமுறை கடைக்காரர் பூப்போட்ட கோப்பை ஒன்றை ஆசையாக நீட்ட, அத்தை தட்டிப் பார்த்துவிட்டு, “இது இருமுதுங்க, வேணாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் அந்தக் கோப்பையையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

“உங்க அத்தை பத்தொன்பது வயசுல வீட்டை விட்டுக் கிளம்புனா” என்று, என்னைக் கொண்டுவந்து விடும்போதே அப்பா சொல்லியிருந்தார். “வானொலி நிலையத்துல கடிதம் பிரிக்கற வேலை. ஒருநாள் நாடகத்துக்கு மழை பெய்ய வைக்கறவருக்குக் காய்ச்சல். அக்கா ஒரு தட்டுல பட்டாணியைப் போட்டு உருட்டுனா பாரு, வாசல்ல இருந்த காவல்காரர் குடையைத் தேடுனாராம்! அதுக்கப்புறம் கடிதத்தை யாரு பிரிக்கறது?”

“தாத்தா என்ன சொன்னாரு?”

“‘சத்தம் போடாதே, சத்தம் போடாதேன்னு சொல்லியே வளர்த்தேன். கடைசில சத்தம் போட்டே சம்பாதிக்கறா’ன்னு சொன்னாரு.”

அத்தை கிளம்பிய அன்று எடுத்துப்போய், பிறகு எப்போதோ எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்ட தோல்பெட்டியில்தான் என் துணிகளும் வந்திருந்தன. அத்தை அதைப் பார்த்ததும், “அடடே, நீ இன்னும் இருக்கியா?” என்று அதன் மூலையைத் தடவிக் கொடுத்தார். தெருவில் ஒரே பேருந்து இரைச்சல். பெட்டியை அப்பா உள்ளே கொண்டுபோய் என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டில் இருந்த ஒரே தொல்லை நான்தான்.

நான் நடந்தால் தடதடவென்று கேட்கும். கதவை மூடினால் டமார். ஸ்பூன் என் கையிலிருந்து தானாகவே விழும். அத்தை எனக்கு ‘தடதட’ என்றே பெயர் வைத்துவிட்டார். அவர் கோபமாக ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. “தடதட எழுந்தாச்சா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். என் சத்தத்தால் அத்தையின் வேலை கெட்டுவிடுமோ? கெட்டால், ‘போதும், இவளைக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று அப்பாவுக்கு ஃபோன் செய்துவிடுவாரோ?

அதனால் நான் சத்தத்தோடு சண்டை போட ஆரம்பித்தேன். காலுறை போட்டு நடந்தேன். ஸ்பூனுக்குப் பதில் விரலால் சர்க்கரையைக் கலக்கினேன். விரல் சுட்டபோது கத்தக்கூட இல்லை.

அந்த வீட்டுக் கதவுகள் எதுவும் கிரீச்சிடாது. எல்லாக் கீலுக்கும் அத்தை எண்ணெய் விட்டிருந்தார். பதிவு அறையில் இருந்த ஒரு நாற்காலி மட்டும்தான் கத்தும். பழைய மர நாற்காலி. சாய்ந்தால் பின்னால் வளையும். அப்போது அதன் அடியிலிருந்து ‘க்ரீ... ஈ... ச்’ என்று ஒரு முனகல் வரும்.

‘பாவம், அத்தை இதை மட்டும் மறந்துட்டாங்க’ என்று நினைத்தேன்.

ஒரு மதியம், அத்தை தூங்கும் நேரம். தையல் மிஷின் எண்ணெயை எடுத்தேன். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு இடம் விடாமல் எண்ணெய் விட்டேன். சாய்ந்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை! ரொம்பப் பெருமையாக இருந்தது. சொல்லாமல் வைத்து, அத்தையை ஆச்சரியப்படுத்த நினைத்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒலிப்பதிவாளர் மாமா வந்தார். அத்தையின் வேலை எப்போதும் விடியற்காலையில்தான். ஏழு மணிக்கு முதல் பேருந்து வந்துவிட்டால், அப்புறம் தெரு அடங்காது.

“இன்னிக்கு ஒரே காட்சிதான் பாக்கி” என்றார் மாமா, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே. “பத்து மணிக்கு இயக்குநர் வந்து வாங்கிக்குவாரு. அதோட படம் முடிஞ்சுது.”

அது ஒரு படகுக்காரியைப் பற்றிய படம். கடைசிக் காட்சியில், கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, அவளுடைய படகு மட்டும் ஆளில்லாமல் மெதுவாக ஆற்றில் போகும்.

திரையில் படகு அசைந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, கண்களைத் திரையில் வைத்தபடி, மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி சாய்ந்தார். ஒன்றுமில்லை.

“என்னக்கா, மைக் செத்துப்போச்சா?” மாமா மைக்கைத் தட்டினார். “உயிரோடதான் இருக்கு. நீங்க சாயுங்க.”

“சாஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அத்தை இறங்கி, நாற்காலியின் அடியில் விரலை வைத்தார். விரலை மோந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“படகுக்கு யாரோ எண்ணெய் போட்டுட்டாங்க” என்றார் மெதுவாக.

படகா? எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த முனகலைத்தான் அத்தை படம் முழுக்கப் படகின் சத்தமாக வைத்திருந்தார். வேண்டுமென்றுதான் அதற்கு மட்டும் எண்ணெய் விடாமல் இருந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அத்தை முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் அத்தை. அது கத்தினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்.”

அத்தை என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ம்ம்” என்று மட்டும் சொன்னார்.

“முன்னாடி பதிஞ்ச சத்தத்தையே போட்டுக்கக் கூடாதா மாமா?” என்று கேட்டேன்.

“அதுல ஆள் இருக்குது பாப்பா. துடுப்பு, தண்ணி எல்லாம் சேர்ந்தே பதிஞ்சிருக்கு. இது வெறும் படகு. லேசா, தனியாக் கேக்கணும்.”

நாங்கள் நாற்காலியைச் சோப்புப் போட்டுத் துடைத்தோம். சுண்ணக்கட்டித் தூளைத் தூவினோம். அது ‘க்’ என்று ஒரு விக்கல் போட்டுவிட்டு ஊமையாகிவிட்டது. அத்தை அலமாரியில் இருந்த சத்தப் பொருள்களையெல்லாம் எடுத்துக் கொட்டினார். பிரம்புக்கூடையை முறுக்கினார்.

“எலி மாதிரி இருக்கு” என்றார் மாமா.

பெல்ட்டை வளைத்தார்.

“படகு ஏப்பம் விடுதுக்கா.”

மணி ஆறு. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சத்தம் போட்டால் வேலை கெடும் என்று பயந்தேன். கடைசியில் சத்தத்தை இல்லாமல் செய்து வேலையைக் கெடுத்துவிட்டேன். அத்தை ஃபோன் செய்வதற்கு முன்பே நானே ஊருக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். துணிகள், விடுமுறை வீட்டுப்பாடம், கதைப் புத்தகங்கள் எல்லாவற்றையும் திணித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன்.

க்ர்ர்ரொ... க்.

அப்படியே நின்றேன். பெட்டியைக் கீழே வைத்தேன். மறுபடி தூக்கினேன். தோல் கைப்பிடி, அதைப் பிடித்திருந்த இரும்பு வளையத்தில் உரசி முனகியது. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினேன்.

கண்ணுக்குள் ஆறு ஓடியது.

ஆனால் சத்தம் கொஞ்சம் தடித்திருந்தது. நாலு பேர் ஏறிய படகு மாதிரி. ‘வெறும் படகு’ என்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுப்பாடத்தை எடுத்து வெளியே போட்டேன். மூன்று பேர். துணிகளை எடுத்தேன். இரண்டு பேர். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே ஆட்டினேன். எல்லாவற்றையும் எடுத்தால் சத்தமே வரவில்லை. மூன்று புத்தகங்கள் இருந்தபோது...

க்ரீ... ஈ... ச்.

படகில் யாருமே இல்லை.

அவ்வளவு அவசரத்திலும் தடதடவென்று ஓடாமல், பெட்டியை அணைத்துக்கொண்டு பதிவு அறைக்கு நடந்து போனேன். கதவருகில் நின்று பெட்டியை ஆட்டினேன்.

அத்தையின் கையிலிருந்த கூடை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

“இன்னொரு தடவை” என்றார்.

ஆட்டினேன். அத்தை வந்து பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, கைப்பிடியில் காதை வைத்தார்.

“நீயா!” என்றார் பெட்டியைப் பார்த்து. பிறகு என்னிடம் சொன்னார். “வேலைக்குக் கிளம்புன அன்னிக்கு இது வழியெல்லாம் இப்படித்தான் கத்திக்கிட்டே வந்துச்சு. எல்லாரும் என்னையே பார்க்கறாங்கன்னு எனக்கு ஒரே வெட்கம். எப்படா வாயை மூடும்னு இருந்துச்சு. அதனாலதான் சரியாக் காது குடுத்துக் கேக்கவே இல்லை போல.”

“அக்கா, மணி ஆறரை” என்றார் மாமா.

அத்தை பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். “எத்தனை புத்தகம் வைக்கணும்னு கண்டுபிடிச்சது நீதானே? நீயே ஆட்டு. திரையைப் பாரு, கையைப் பார்க்காதே.”

விளக்கு அணைந்தது. திரையில் படகு அசைந்தது. நான் பெட்டியை ஆட்டினேன். பாதியில் ‘கொர்ர்ர்’ என்று வேறொரு சத்தம் கேட்டது.

“படகுக்குப் பசிக்குதோ?” என்றார் அத்தை.

“என் வயிறுக்கா” என்றார் மாமா கூச்சத்துடன். “காலைல ஒண்ணும் சாப்பிடலை.”

அத்தை அவருக்குப் பாலில் நனைத்த ரொட்டியைக் கொடுத்தார். நனைக்காத ரொட்டி அந்த வீட்டில் கிடைக்காது. அது நொறுங்கும் சத்தம் பதிவில் விழுந்துவிடுமாம்.

இரண்டாவது முறை நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். படகு கரையை விட்டு நகர்ந்தது. என் கை அதோடு போனது. ஆற்றின் வளைவில் அது சின்னப் புள்ளியாகும்வரை போனது. கை விண்ணென்று வலித்தது. நான் நிறுத்தவில்லை.

“எடுத்தாச்சு!” என்றார் மாமா. அதே நொடியில் தெருமுனையில் முதல் பேருந்து ஹாரன் அடித்தது.

அத்தை என் கையைத் தேய்த்துவிட்டார். “தடதட, என் வீட்டுல உன்னை யாரும் சத்தம் போடாதேன்னு சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குக் காலுறை? நீ நடக்கற சத்தம் கேட்டாத்தான் எனக்கு வீட்டுல ஆள் இருக்குன்னு தோணுது.”

நான் காலுறையைக் கழற்றினேன். அத்தை ஃபிரிட்ஜின் பிளக்கைச் சொருகினார். அது ‘ம்ம்ம்’ என்றது.

மூன்று மாதம் கழித்து அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்தேன். கடைசிக் காட்சியில் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படகுக்குள் என் மூன்று கதைப் புத்தகங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். இன்றும் எங்காவது ஒரு படகு முனகினால் என் வலது கை தானாக அசைகிறது.

ஆனால் திரையரங்கெல்லாம் பிறகு. விடுமுறை முடிந்ததும் அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். நான் தடதடவென்று மாடிப்படி இறங்கி ஓடினேன். என் துணிகள் ஒரு துணிப்பையில் இருந்தன.

“பெட்டி எங்கம்மா?” என்று கேட்டார் அப்பா.

உள்ளே அலமாரியில், குடைக்கும் மாவுப் பைக்கும் நடுவில், கைப்பிடியில் ‘படகு’ என்று சீட்டுக் கட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது.

“அதுக்கு இங்கயே வேலை கிடைச்சுடுச்சுப்பா” என்றேன்.