அப்பாவின் எட்டுக் கம்பிகள்

அப்பா செய்த பன்னிரண்டாவது கேபிளும் வேலை செய்யவில்லை.

சோதனைக் கருவியில் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். முதலில் ஒன்று எரிந்தது. அடுத்து எட்டு. அப்புறம் ஏழு. அப்பா கேபிளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

மறுநாள் தேர்வு. பெர்னிக் நகரில் சுரங்கத்தை மூடியவர்கள், வேலை போனவர்களுக்கு ஆறுதல் பரிசு மாதிரி ஒரு நெட்வொர்க் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். இருபது வருடம் நிலக்கரி வெட்டியவரிடம் மூன்றே மாதத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கப் படி என்றால் எப்படி? ஆனாலும் அப்பா ஸ்த்ராவ்கோ படித்தார். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டார். ஒரு கேபிளின் இரண்டு முனைகளிலும் எட்டு வண்ணக் கம்பிகளைச் சரியான வரிசையில் பொருத்திக் காட்டுவது மட்டும்தான் பாக்கி.

அதில் தோற்றால் ஜெர்மனிதான். பிளாமென் சித்தப்பா அங்கே ஒரு கிடங்கில் அவருக்கு வேலையும், தங்கும் அறையில் ஒரு கட்டிலும் பார்த்து வைத்திருந்தார். அவருடைய பத்து வயது மகள் ரலிட்சா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள். அவள் தோழி போர்யானாவின் அப்பா போன வருடம் அப்படித்தான் போனார். இப்போது அவர் போனுக்குள் மட்டும்தான் இருக்கிறார்.

ரலிட்சா தொட்டியிலிருந்து கேபிள்களை எடுத்துப் பார்த்தாள். நீலம் எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. ஆரஞ்சும் பச்சையும் பழுப்பும்தான் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இடம் மாறியிருந்தன.

"அப்பா, இது என்ன கலர்?" என்று பச்சைக் கம்பியைக் காட்டினாள்.

அப்பா கம்பியை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். "பழுப்பு," என்றார். பிறகு, "பச்சையோ?"

"சிவப்பு மிளகா வாங்கிட்டு வான்னா பச்சையா அள்ளிட்டு வந்த மனுஷன்தானே," என்று அடுப்படியிலிருந்து சிரித்த அம்மா, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

சுரங்கத்துக்குள் எல்லாமே கறுப்பு, அங்கே யாரும் தன்னிடம் கலர் கேட்டதில்லை என்றார் அப்பா. "யார்கிட்டயும் சொல்லிடாத. கலர் தெரியாதவன் கையில யாரு கம்பியக் குடுப்பாங்க?"

ரலிட்சா இன்னொரு கேபிள் துண்டை உரித்தாள். உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி இறுக்கமாக, ஒரு ஜோடி தளர்வாக. கண்ணை மூடித் தடவினாலும் வித்தியாசம் தெரிந்தது. இந்தக் கேபிள் சுருளில் பச்சைதான் ரொம்ப இறுக்கம், பழுப்பு ரொம்பத் தளர்வு, ஆரஞ்சு நடுவில். ஜோடியில் எது வெளிர், எது அடர்த்தி என்பது அப்பாவுக்கே தெரியும். அப்பா அப்படித் தடவிப் பார்த்துச் செய்த பதின்மூன்றாவது கேபிளில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன.

காலையில் தேர்வு அறை வாசலில் அப்பாவும் அவளும் காத்திருந்தபோது, ஆசிரியை நெவேனா ஒரு பெட்டியைக் கிழித்துப் புதுச் சுருளை எடுத்தார். வேறு கம்பெனி.

ரலிட்சா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சுருள் வேற. முறுக்கும் வேறயா இருக்கும். எந்த ஜோடி என்ன கலர்னு அவங்ககிட்ட கேட்டுடுங்க."

"கேட்டா வெளிய அனுப்பிடுவாங்க கண்ணு."

"கேக்கலன்னா ஜெர்மனிக்கு அனுப்பிடுவாங்க."

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவு பாதி திறந்திருந்தது. அப்பா கேபிளை உரித்தார். தடவினார். அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் முடித்துவிட்டு எழுந்தார். அப்போதும் அப்பா அசையவில்லை. கடைசியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஆரஞ்சு, பச்சை, பழுப்பு மூணும் ஒண்ணு போலத்தான் தெரியும். எது எதுன்னு ஒரு தடவ சொல்லுங்க மேடம். மிச்சத்த முறுக்க வெச்சு நான் பாத்துக்கறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெவேனா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இது கேபிள் தேர்வு. கண் தேர்வு இல்ல," என்றார். ஜோடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரே ஒரு முறை பெயர் சொன்னார். "முதல் வாரமே சொல்லியிருந்தா இவ்வளவு கேபிள் குப்பைக்குப் போயிருக்காதே, ஸ்த்ராவ்கோ."

அப்பா குனிந்து பொருத்த ஆரம்பித்தார். ரலிட்சா சுவரோடு ஒட்டி நின்று நகத்தைக் கடித்தாள். பத்து நகங்களும் தீர்ந்துபோயின.

சான்றிதழோடு வெளியே வந்தவர் முதலில் போனை எடுத்தார்.

"பிளாமென், எனக்குன்னு ஒரு கட்டில் பிடிச்சு வெச்சிருக்கியே," என்றார். "அத வேற யாருக்காவது குடுத்துடுடா."